பரம்பரை நோய் தலைவிதியா?

"தாத்தாவுக்குப் புத்தி தடுமாறியது, அப்பாவுக்கும் வந்தது, இனி என் முறைதானே!" என்று மனமொடிந்து பேசுவோர் உண்டு. அவர்கள் கொலம்பியா நாட்டுச் செய்தி ஒன்றை அறிய வேண்டும்.

அங்கே அந்தியோக்கியா மலைநாட்டில் சில குடும்பங்களில் பிரெசனிலின் 1 என்னும் மரபணுவில் ஒரு கோளாறு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அது வந்தவர்களுக்கு 45 வயதை ஒட்டியே ஞாபகம் தடுமாறும். மூளையில் அமிலாய்டு என்ற புரதக் கசடு படியும். நினைவைக் காக்கும் பகுதி சுருங்கும்.

ஆனால், அக்கோளாறு உடைய பெண்மணி ஒருவருக்கு மறதி தலைகாட்டியது எழுபது வயதுக்கு மேல்தான்! மூளையிலோ கசடு நிரம்பக் கிடந்தது. காரணம் என்ன? ஏபோஈ என்ற வேறொரு மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' எனும் அபூர்வ மாற்றத்தை அவர் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருந்தார். அதுவே கவசமாய் நின்றிருக்க வேண்டும் என 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். கேட்டைத் தந்த பரம்பரையே காப்பையும் தந்தது!

இத்தகைய கடுங்கோளாறு உலகில் மிகச் சிலருக்கே உண்டு. மற்றவர்களுக்குப் பரம்பரை அபாயத்தைக் கூட்டலாம், தீர்ப்பு எழுதிவிடாது. இரத்தக் கொதிப்பை அடக்குவதும், புகையை விடுவதும், காது மந்தத்தைக் கவனிப்பதும் நம் கையில் இருக்கின்றன. ஜாதகத்துக்கு அஞ்சுவதுபோல் மரபணுவுக்கு அஞ்சாமல், அவற்றைச் செய்வோமாக!