கிழட்டு வண்டியின் நான்கு மூச்சு



பத்து காவான் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரட்டுக்களத்தில் நிற்கும்போதே தூரத்தில் 'டப்... டப்...' என்று ஓர் ஒலி வரும். துரை வருகிறாரா, கிராணி வருகிறாரா என்பதை அந்த ஒலியே சொல்லிவிடும் என்பார்கள். பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிளுக்கு அப்படி என்ன தனிக்குரல்?

அவற்றில் பலவற்றுக்கு ஒரே சிலிண்டர்தான். அதனுள் பிஸ்டன் இரண்டு முறை இறங்கி ஏறினால் ஒரு சுற்று வேலை முடியும். முதலில் இறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கும். ஏறும்போது அதை நெருக்கும். பிளக்கில் பொறி பறந்ததும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மீண்டும் ஏறும்போது புகையை வெளியேற்றும். இந்த நான்கில் ஒன்றுதான் பலம் தருகிறது. மற்ற மூன்றையும் நடத்துவது, கனத்த ஃபிளைவீல் சேமித்து வைத்த வேகம். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி என்பதால்தான் ஒலி விட்டு விட்டுக் கேட்கிறது.

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 350 என்று பெயர். உண்மையில் 346 சி.சி. சிலிண்டரின் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இந்த வண்டியை, 1955 முதல் சென்னையில் நம்மவர் கைகள் பூட்டத் தொடங்கின. 1970-இல் ஆங்கிலேய நிறுவனத்தின் உற்பத்தி நின்றது. சென்னையிலோ புல்லட்டின் ஓசை ஓயவில்லை. பழையதைப் பேணத் தெரிந்த கைகள் இருந்தால் அதற்கு முடிவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாத்தா ஓட்டிய வண்டி உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் துருப்பிடித்துக் கிடக்கலாம். அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓங்கி உதைக்கவும் வேண்டாம். இறுகிய எஞ்சின் சேதமடையலாம். பிளக்கைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுங்கள். பிறகு கியரில் போட்டு, பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்தால் நம்பிக்கை உண்டு. பழைய பெட்ரோலையும் எண்ணெயையும் வடித்துவிட்டு, நல்ல மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். வண்டியின் கிராண்டையும் மறக்காமல் தேடி எடுத்து வையுங்கள்.

தோட்டங்கள் இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலமும் அங்கே வந்து இறங்கியது. லயங்களை நம்மால் திரும்பக் கட்ட முடியாது. அந்த 'டப்... டப்...' ஒலியையாவது பேரப்பிள்ளைகள் கேட்கட்டுமே!