ஒளியால் எழுதிய முஸவ்விர்

ஓவியம் தீட்டுபவர் கலைஞர், புகைப்படம் பிடிப்பவர் கடைக்காரர் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஸ்டுடியோ நடத்தியோரைப் பாஸ்போர்ட் படம் வேண்டியபோது மட்டுமே நாம் நினைத்தோம். இவ்வெண்ணம் பிழையென்பதற்கு ராஜா தீன் தயாளின் வாழ்வே சான்று.

மீரட்டை அடுத்த சர்தானாவில் 1844இல் சமணக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ரூர்க்கியில் பொறியியல் பயின்று, இந்தூரில் அரசுப்பணி பார்த்து, பின்னர் கேமராவைக் கையிலெடுத்தார். ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கான் அவரைத் தம் அவைப் புகைப்படக் கலைஞராக்கி, 'முஸவ்விர் ஜங்' என்னும் பட்டமும் ஈந்தார். 'முஸவ்விர்' என்றால் உருவம் சமைப்பவர். ஓவியரையும் அச்சொல்லாலேயே அழைப்பர். ஓவியருக்கும் புகைப்படக்காரருக்குமிடையே நாம் எழுப்பியுள்ள சுவர் அந்த அரசருக்குத் தென்படவில்லை போலும்!

எனினும் நம் நெஞ்சைத் தொடுவது பட்டமன்று. 1892இல் ஹைதராபாத்தில் பெண்டிர்க்கெனத் தனி ஸ்டுடியோ ஒன்றை அவர் நிறுவினார். சுற்றிலும் உயர்ந்த மதில்கள். உள்ளே படமெடுப்போரும் பெண்களே. கென்னி லெவிக் என்னும் ஆங்கில மாது பொறுப்பேற்றிருந்தார். பர்தா பேணிய பெண்டிர் தம் நெறி வழுவாது, தாம் விரும்பிய கோலத்தில் அமர்ந்து படமெடுத்துக்கொண்டனர். எதிரில் அமர்பவரின் மானத்தையும் மதிப்பையும் முதலில் கருதி, அதன்பின் ஒளியையும் நிழலையும் கருதியதை நாம் உயர்ந்த கலையுணர்வு என்போம்.

எம் நன்னிமாவின் படம் ஒன்றேனும் எம் இல்லத்தில் இல்லை. அந்நிய ஆடவர் முன் அமர அவர் இசையவில்லை. அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை. ஆயினும் அத்தகைய மதில்சூழ் கூடமொன்று காசிமேட்டுப் பக்கம் இருந்திருந்தால், அவர் திருமுகத்தை நம் பிள்ளைகள் கண்டிருப்பார்களே என்னும் ஏக்கம் மட்டும் தீரவில்லை.

தீன் தயாள் 1905இல் மறைந்தார். அவர்தம் கண்ணாடித் தகடுகளில் 2,857ஐ இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் வாங்கிக் காத்தது. நம் பகுதிப் பழைய ஸ்டுடியோக்களின் நெகடிவ்களை வாங்குவார் யார்? கடை மூடும் நாளில் அவை எடைக்கன்றோ போகின்றன!

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியிலுள்ள பழம்படங்களை எடுத்து, பெரியோரிடம் கேட்டு, பெயரையும் ஆண்டையும் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். அட்டையின் ஓரத்தில் ஸ்டுடியோவின் முத்திரை இருக்கும். அதனையும் மறவாது குறித்துக்கொள்ளுங்கள்.