நிறத்தை வெளுக்காத படம்



ஆறாம் ஆண்டை முடித்து விடைபெறும் மாணவர்களைப் பள்ளித் திடலில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். பெரும்பாலும் பள்ளி முடியும் வேளையைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். தீபகற்ப மலேசியாவில் கதிரவன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ பிற்பகல் 1 மணிக்குப் பிறகே. அவ்வெயிலில் கண்குழிகளில் நிழல் விழும். வெள்ளைச் சீருடையின் பளிச்சிடலால் கருவி ஒளியைக் குறைக்க, பிள்ளையின் முகம் இருண்டுபோகும். பிறகு, 'சரிசெய்கிறோம்' என்று கணினியில் முகத்தையே வெளுத்துவிடுகின்றனர்.

குறை பிள்ளையின் நிறத்தில் இல்லை. 1950களிலிருந்து படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் வழங்கிய 'ஷெர்லி' அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் நிறமே அளவுகோலாக இருந்தது. 1990களில்தான் பல நிறத்தவரும் அவ்வட்டையில் இடம்பெற்றனர்.

நாம் செய்ய வேண்டியது எளிது. காலை 9 மணிக்குள் அல்லது மாலை 5.30க்குப் பின் எடுப்போம். அது இயலாதெனில், இலையிடுக்கு வெயில் விழாத நிழலின் ஓரத்தில், முகம் திறந்த வானத்தை நோக்குமாறு நிறுத்துவோம். கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைச் சற்றே கூட்டுவோம். சட்டை கொஞ்சம் வெளுத்தாலும் முகம் தெளியட்டும்.

படம் பிடிப்பவரிடம், "நிறத்தை மாற்ற வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். 'உன் நிறம் திருத்த வேண்டிய பிழை' என்னும் பாடத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விடைபெறும் நாளில் நாம் கற்பிக்கலாகாது.