புடவையைத் திருப்பிப் பாருங்கள்

பழைய உடைகளை விற்கும் சந்தை ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இருபது ஆண்டைத் தாண்டினால் விண்டேஜ். நூறைத் தாண்டினால் ஆன்டிக். நூறு என்ற கணக்குக்காவது நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் துணை நிற்கிறது. இருபது என்பது வியாபாரிகள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட எண். அதை ஏற்றால், 2000-ஆம் ஆண்டில் விசைத்தறியில் ஓட்டி, போலி ஜரிகை போட்டு, காஞ்சிபுரம் என்று சொல்லி விற்ற புடவையும் இன்று விண்டேஜ்தான். இந்தச் சொல் ஒயின் தொழிலிலிருந்து வந்தது. அங்கே எத்தனை ஆண்டுப் பழசு என்பதைவிட எந்த ஆண்டுத் திராட்சை என்பதே பேச்சு. அந்த ஆண்டின் மழையும் வெயிலும் பழத்துக்குள் இறங்கியிருக்கும் என்ற நம்பிக்கை அது. உடைக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு காலத்தின் செய்முறை துணிக்குள் இறங்கியிருக்க வேண்டும். தேடினால் கண்ணுக்கு அகப்படவும் வேண்டும்.

காஞ்சிப் பட்டு இதற்கு நல்ல உதாரணம். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. தறியில் நெசவாளியோடு இன்னொருவரும் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். கரைக்கென்று தனி ஊடை ஓடுவதால் கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலப்பதில்லை. ஒரே நாடாவில் நெய்த புடவையின் கரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உடல் நிறம் ஊடாக எட்டிப்பார்க்கும். முந்தானைக்கும் இதே கதைதான். உடல் ஒரு நிறம், முந்தானை முற்றிலும் வேறு நிறம் என்றால், அந்த இடத்தில் பழைய பாவை நிறுத்திவிட்டுப் புதுப் பாவை இழை இழையாகக் கையால் கோத்திருக்கிறார்கள். இதுதான் பெட்னி. புடவையைத் திருப்பி அந்த இணைப்பில் விரலை ஓட்டினால், இரண்டு பாவும் சேர்ந்து நெய்யப்பட்ட இடம் சிறு வரப்பாகத் தட்டுப்படும். அசல் ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். பல காலம் உடுத்தியதில் தங்கப் பூச்சு தேய்ந்த இடங்களில் அடியில் இருக்கும் வெள்ளி வெளுப்பாக மின்னும். ஜீன்ஸ் சேகரிப்பவர்களும் இப்படிப்பட்ட அடையாளங்களைத்தான் நம்புகிறார்கள். லீவைஸின் பின்பையில் இருக்கும் சிவப்புப் பட்டியில் ‘இ’ பெரிய எழுத்தாக இருந்தால் அது 1971-க்கு முந்தைய வழக்கம் என்று அவர்கள் கணக்கிடுவார்கள்.

ஆண்டுக் கணக்கைக் கைவிட்டால் ஆளுக்கொரு அளவுகோல் வந்துவிடாதா, விற்பவர் சொன்னதே வேதம் என்றாகிவிடாதா என்று கேட்கலாம். உண்மையில் வாய்ச்சொல்லை நம்பியிருப்பது ஆண்டுக் கணக்குதான். புடவையில் தேதி அச்சிட்ட சீட்டு கிடையாது. பாட்டியின் கல்யாணப் புடவை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பெட்னியின் வரப்பை அப்படிச் சொல்லால் உண்டாக்க முடியாது. கைத்தறிக்கென்று சேலை உள்ளிட்ட துணி வகைகளை ஒதுக்க 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. விசைத்தறியின் நெருக்கடி அவ்வளவு பழையது; ஆகவே வயதை மட்டும் வைத்து அசலைப் பிரிக்க முடியாது. இன்றும் கோர்வையும் பெட்னியும் போட்டு நெய்கிறார்களே, அது விண்டேஜா என்பது அடுத்த கேள்வி. இல்லை. அது உயிரோடிருக்கும் கலை, அதற்கு அந்தப் பெயரே போதும். 1930-களில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் பழைய கரைகளையும் நிறங்களையும் மீட்டு நெய்ய ஏற்பாடு செய்தார். அன்றைக்கு அவை புதுப் புடவைகள். இன்று அவை அந்த மீட்பு முயற்சியின் காலத்தைச் சொல்லும் பழம்புடவைகள். ஆகவே காலம் கடக்கத்தான் வேண்டும். காலம் மட்டும் போதாது.

இது பணக்கார வீட்டுப் பீரோவுக்கு மட்டும் பொருந்தும் அளவுகோல் என்ற குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1970-களின் நைலக்ஸ் புடவையையும் இதே கண்ணால் பார்க்கலாம். இஸ்திரி தேவையில்லை, துவைத்தால் சட்டென்று காயும், சாயம் போகாது. வேலைக்குப் போன பெண்களின் காலை நேரத்தை அது மிச்சப்படுத்தியது. அதன் வழவழப்பிலும் பெரிய பெரிய பூக்களிலும் அந்தக் காலம் அப்படியே இருக்கிறது. விலை குறைவு என்பதற்காக அதைத் தள்ளிவைக்க நியாயமே இல்லை.

இந்த வரையறைக்காக இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம், பழைய பட்டு கண்ணெதிரே அழிந்துகொண்டிருப்பதுதான். பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று தெருவில் குரல் கொடுத்து வருபவர்களுக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி. வாங்கிய புடவையை எரித்து, உருக்கி, வெள்ளியைப் பிரித்துவிடுவார்கள். அங்கே கோர்வைக்கும் பெட்னிக்கும் விலை கிடையாது. வெள்ளி விலை ஏற ஏற, நல்ல ஜரிகை போட்ட புடவைதான் முதலில் நெருப்புக்குப் போகிறது. பணமுடையில் விற்பவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. முடை இல்லாதவர்களாவது, கொடுப்பதற்கு முன் ஒருமுறை புடவையைத் திருப்பி அந்த இணைப்பைத் தேடிப் பார்க்கலாம். வரப்பு தட்டுப்பட்டால், யார் எப்போது எந்தக் கடையில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, பழைய பில் இருந்தால் அதையும் சேர்த்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டில் ஒடிந்துவிடும்.