தண்ணீர் சுமந்தவருக்கும் பங்குண்டு



நம் ஸ்ட்ரெதத்திற்கு அண்மையிலுள்ள ஹெர்ன் ஹில் ஓடுதளத்தில் சிறுவனாகத் துவிச்சக்கரவண்டிப் போட்டிகளில் இறங்கியவர் பிராட்லி விக்கின்ஸ். 2012இல் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்ற முதல் பிரித்தானியர் அவரே. மூன்று வாரங்களில் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் ஓடிப் பெற்ற வெற்றி அது.

அவ்வாண்டு அணிக்கு ஒன்பது வீரர்கள். தலைவருக்குத் தண்ணீர் சுமப்பதும், முன்னே சென்று எதிர்க்காற்றைத் தாங்குவதும் ஏனையோரின் பணி. அவர்களைப் பிரெஞ்சு மொழியில் 'டொமெஸ்டிக்', அதாவது வீட்டுப் பணியாள், என்பர். லா துசுயிர் மலையேற்றத்தில் சக வீரர் கிறிஸ் ஃபுரூம், விக்கின்ஸை விட்டு முன்னேறினார். அணியின் கட்டளை வந்ததும் வேகம் தணித்துக் காத்திருந்தார். வெற்றி பெற்றவர் பரிசுப் பணத்தை அணியினரோடு பகிர்வது அங்கே நெடுநாள் மரபு.

நம் குடும்பங்களில் அம்மரபு உண்டா? முதலில் புலம்பெயர்ந்து, இரவு வேலை செய்து, உடன்பிறந்தோரை அழைப்பித்துப் படிப்பித்து, தம் திருமணத்தைத் தள்ளிவைத்தே முதுமையடைந்த அக்காமாரும் அண்ணன்மாரும் நம்மிடையே பலர். ஊர்க்காணி பங்கிடும் வேளையில், "உங்களுக்குப் பிள்ளைகள் இல்லைத்தானே" என்று அவர்களை ஒதுக்கும் வீடுகளும் உள்ளன. இதனை அநீதி என்றே சொல்வேன். காத்திருந்த ஃபுரூமுக்கு 2013இல் வெற்றி கிட்டியது. இவர்களுக்கோ இளமை மீளாது.

உறுதி எழுதும்போது அவர்கள் பெயரையும் எழுதுங்கள். அது நீங்கள் இடும் தருமம் அன்று, அவர்களுடைய பங்கு.

இறையாசீர் உங்களோடிருப்பதாக.