பேரிடருக்கு மட்டும்தானா எங்களுக்கு வானொலி?

2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் தத்தளித்தபோது, அந்த டிசம்பரில் 'பேரிடர் 107.8' என்ற அவசரகாலப் பண்பலை வானொலி இங்கே ஒலித்தது. மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியில், தற்காலிக அனுமதியில் நடந்த நிலையம் அது. அனுமதிக் காலத்தோடு அந்தக் குரலும் ஓய்ந்தது. வெள்ளம் வந்தால்தான் எங்களுக்கு வானொலி கிடைக்குமா?

கெடிலமோ பெண்ணையாறோ கொள்ளிடமோ கரைபுரண்டால் தண்ணீர் முதலில் நுழைவது தாழ்வான இடத்தில் இருக்கும் காலனிக்குள். நிவாரண லாரி கடைசியாக வந்து நிற்பதும் அங்கேதான். கணக்கெடுப்பில் விடுபட்ட வீடு எது, உடைந்த மதகு எது என்பதை அங்கே வாழும் மக்களே மைக் முன் நின்று சொன்னால் அதிகாரிகளின் காதில் விழும். அந்த மைக் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஒரு காலத்தில் பஞ்சாயத்து வானொலி பெரும்பாலும் ஊர்த்தெருவில்தான் இருந்தது. சேரிக்காரர்கள் தூரத்தில் நின்று கேட்டார்கள். பிறகு வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தது. அரசு வானொலி உழவருக்கு உர அளவைச் சொன்னது. நடவுக் கூலியைப் பற்றிப் பேசியது அரிது. அடுத்து வந்த தனியார் பண்பலைகள் சினிமாப் பாட்டும் விளம்பரமுமாக நிறைந்தன. அவை சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப விதியில் இடமில்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். 2022இல் காரைக்கால் பண்பலையில் இந்தி நிகழ்ச்சிகள் புகுத்தப்பட்டதாக எதிர்ப்பு கிளம்பியபோது, நம் வட்டார வானொலியின் கடிவாளம் டெல்லியில் இருப்பதை எல்லோரும் கண்டோம்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 நகரங்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. பட்டியலில் நம் நெய்வேலியும் உண்டு. பணம் உள்ளவர் ஏலம் எடுப்பார். உரிமையாளர் மாறுவார், நிகழ்ச்சி மாறும். சேரிக்கு என்ன மாறும்?

மாற்று வழி சட்டத்திலேயே இருக்கிறது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி நடத்தும் கதவு திறந்தது. 2008இல் தெலங்கானாப் பகுதியின் ஜகீராபாத் அருகே தலித் பெண் விவசாயிகள் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கினார்கள். விதையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் அவர்கள் பேச்சிலேயே அது பேசியது. நூறு வாட் டிரான்ஸ்மிட்டர் சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குப் போதும். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போட்டுக்கொள்ள 2024இல் அனுமதியும் வந்துவிட்டது.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2011 தானே புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருண்டு கிடந்ததை மறந்துவிட வேண்டாம். டவர் செயலிழந்தாலும் இரண்டு பேட்டரியில் பேசுவது வானொலி. டேட்டா தீர்ந்தாலும் அது நிற்காது.

உரிமம் மட்டும் போதாது. சமுதாய வானொலியின் நிர்வாகத்தில் அது சேவை செய்யும் மக்களின் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்பது விதி. அது காகிதத்தோடு நின்றால், பழைய பஞ்சாயத்து வானொலிக்கும் இதற்கும் வேறுபாடு இருக்காது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசின் கையில் இருக்கிறது. அதன் பெயரில் எந்த வானொலி ஒலித்தாலும், சுற்றியுள்ள காலனிகளுக்கு அதில் நேரமும் நிர்வாகத்தில் நாற்காலியும் வேண்டும்.

நாங்கள் கேட்பது மூன்று. கடலூரிலும் காட்டுமன்னார்கோயில் பகுதியிலும் தலித் பெண்கள் நடத்தும் அமைப்புகள் சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்க மாவட்ட நிர்வாகம் கைகொடுக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்காக 2024இல் தமிழ்நாடு சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் வழி காண வேண்டும். பேரிடர் வானொலியை வெள்ளத்துக்கு முன்பே ஆயத்தமாக வைத்து, அறிவிப்பாளர்களில் காலனி இளைஞர்களையும் சேர்க்க வேண்டும்.

சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் திறந்தார். இளையபெருமாள் தீண்டாமைக் கொடுமைகளை அறிக்கையாக்கி டெல்லிக்குக் கொண்டுபோனார். படிப்பையும் பதிவையும் அவர்கள் தந்தார்கள். ஒலிபரப்பு இனி எங்கள் கைக்கு வர வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த வேலை தொடங்கட்டும்.