முதலாளிக்கு வருகிற மடல்



வேலைச் சட்டம் மாறினால் கம்பனிகளின் மனிதவள அதிகாரிகளுக்கு உடனே மின்மடல் வந்துவிடும். சிஐபிடி என்ற அவர்களின் தொழில்சார் அமைப்பு அனுப்பும், சட்ட நிறுவனங்கள் அனுப்பும். பெற்றோல் ஸ்டேசன் கவுண்டரில் நிற்கிற எங்கட ஆக்களுக்கு யார் சொல்லுறது? அநேகமாக முதலாளிதான். அவர் சொல்லாவிட்டால் அப்படியொரு சட்டமே இல்லை.

2025 டிசம்பர் 18இல் நிறைவேறிய வேலை உரிமைச் சட்டத்தைப் பாருங்கோ. 2026 ஏப்ரல் 6 முதல் சுகயீனக் கொடுப்பனவு முதல் நாளிலிருந்தே கிடைக்க வேணும். முன்னர் முதல் மூன்று நாளுக்கு ஒன்றுமில்லை. கிழமைக்கு 125 பவுணுக்குக் குறைவாக உழைத்தவருக்கு எந்த நாளும் இல்லை. ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் பகுதிநேரமாகக் கடையில் நிற்கும் பெண்களைத்தான் இந்த மாற்றம் அதிகம் தொடும். இப்போதும் குறைந்த சம்பளக்காரருக்குக் கிழமைச் சம்பளத்தின் 80 வீதம்தான். போதாது, ஆனாலும் காய்ச்சலோடு ரில்லில் நிற்கத் தேவையில்லை. (பே ஸ்லிப் இல்லாமல் கையில் காசு வாங்குறவரின் பாடு வேற கதை.)

மனிதவள மடல்களில் எங்கட காய்ச்சல் ஒரு செலவுக் கணக்கு. வாசிக்க எரிச்சல் வரும். இருந்தும் வாசியுங்கோ என்றே சொல்வேன்: எது எந்தத் திகதியில் மாறுது, முதலாளிமார் எதற்கு ஆயத்தமாகினம் என்பது அதில் தெரியும். ஏகாஸ் அனுப்புற மின்மடல் இலவசம், ஆரும் பதியலாம்.

அடுத்த இதழிலிருந்து இவற்றில் தேவையானதைத் தமிழில் அரைப் பக்கம் போடுகிறோம். சட்டம் தெரிஞ்ச தோழர்கள் கைகொடுங்கோ.